நூற்றுப் பதினெட்டு

ஐப்பசி பிறந்து ஆறு நாள்.
நாலுமுக்கில் மழைமானியைக் கழற்றி
கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் படித்தேன்.
நூற்றுப் பதினெட்டு.
முந்தின நாள் எழுபது. அதற்கு முந்தி அறுபத்து மூன்று.
அதற்கும் முந்தி, நோட்டில் ஒரு பக்கம் முழுக்க சைபர்.

கார்த்திகைக் கடைசி என்றால் இவ்வளவு பயமில்லை.
விழ வேண்டியதெல்லாம் விழுந்து
மலை தன் புண்ணைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும்,
நாம் ஒதுங்கிப் போகலாம்.
ஐப்பசியில் எல்லாம் மூடியிருக்கிறது.
விரற்கடைப் புல், அதன் கீழே
வெயிலில் வெடித்த மண், வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர்,
தண்ணீர் போக வழிவிடாத பாறை.
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்
ஒரே பாயில் படுத்திருக்கிற மாதிரி.

அன்றைக்குக் குதிரைவெட்டிப் பக்கம்
எட்டுக் கேமராவில் அட்டை மாற்ற வேண்டும்.
(அட்டை என்றால் இங்கே இரண்டு.
காலில் ஏறுவதற்கு மூக்குப்பொடி வைத்திருந்தோம்.)
பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து ஜெபசிங் தம்பி,
பை சுமக்கச் சிங்கம்பட்டிப் பூலுடையார்,
காவலுக்கு நான், உச்சிமாகாளி:
ஒரு கம்பு, ஒரு விசில், நனைந்த பீடிக்கட்டு.

சரிவு வந்தால் ஒவ்வொருத்தராய், என்றேன்.
அந்தப் பக்கம் ஏறி விசில் அடித்த பிறகு அடுத்த ஆள்.
பை வாரைத் தளர்த்திக்கொள்ளுங்கள்,
இழுத்தால் பை போகட்டும்.
மழை கொட்டும்போது ஓடை இளைத்தால்
மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்,
அப்போது என்னிடம் கேட்காமல் ஓடுங்கள்.

ஐந்து கேமரா முடிந்தது.
ஆறாவது, முப்பதடிச் சரிவுக்கு அந்தப் பக்கம்,
மரத்தில் கட்டியபடி எங்களையே பார்த்தது.
கம்பை ஊன்றினேன். குழைந்த சோற்றில் போவதுபோல்
முழங்கை வரை போனது.
எடுக்கும்போது கீழே எங்கோ ஒரு சத்தம்:
வில்லுக்குடத்தின் வாயில் ஒரு தட்டுத் தட்டி
பாட்டை ஆரம்பிக்காமல் விட்டது போல.

"முப்பதடிதானே அண்ணே" என்றார் தம்பி.
"போன வருசமும் போனமே" என்றான் பூலுடையார்.
"போன வருசம் போனது போன வருசத்து மலைல, வே."
சொல்லிவிட்டு நடந்தேன், வந்த வழியே.
பின்னால் இரண்டு பேர் மூச்சும் கோபமும் கேட்டது.
நல்லது. மூச்சு இருந்தது.

சாயங்காலம் வயர்லெஸ்ஸில் ரேஞ்சர் கேட்டார்:
"சரிந்ததா?"
"இல்லய்யா."
"அப்புறம் ஏன்?"
படிவத்தில் காரணத்துக்கு விட்ட இடம் ஒரு விரல் அகலம்.
மண் சரியில்லை என்று எழுதினேன்.
படிக்கும்போது எனக்கே
யாரோ சாக்குச் சொல்வது போலிருந்தது.

தை மாதம் போனோம்.
சரிவு அப்படியே, ஒரு கல் நகராமல்.
அதன்மேல் நடந்துபோய் ஆறாவது அட்டையைக் கழற்றினோம்.
முகாமில் படம் போட்டுப் பார்த்தார் தம்பி.
பதினொன்று நாற்பதுக்கு நாங்கள் மூவர்,
நான் கம்பை உருவுகிறேன், அடுத்ததில் மூன்று முதுகு.
பிறகு மழை.
பிறகு மூன்று பத்துக்கு ஒரு மிளா,
இருநூறு கிலோ இருக்கும்,
சரிவின் நட்டநடுவில் நின்று, காதை ஆட்டி,
சாவகாசமாகப் புழுக்கை போட்டுக்கொண்டிருந்தது.

பூலுடையார் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தான்.
நானும் சிரித்தேன். சிரிக்கத்தான் வேண்டும்.
விழாத மண்ணுக்குச் சாட்சி கிடையாது,
வீட்டுக்கு வந்து சேர்ந்தவனிடம்
எதிலிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.
சில ராத்திரி அந்த மிளாவை நினைத்துக்கொள்வேன்.
அதற்கு நாலு கால். எனக்கு அந்தச் சத்தம்.

இந்த வருசமும் ஐப்பசி பிறந்தாயிற்று.
விடியலில் குழாயைத் தூக்கிப் படித்தேன்.
பூலுடையார் பையைக் கட்டிக்கொண்டே கேட்கிறான்,
"எவ்வளவுண்ணே?"

நூற்று ஆறு.